களிமகனும் பூதவாதியும்

எனக்கு அப்போது வயது இருபது நிரம்பவில்லை. ஊர்ப் படிப்பகத்தின் ஆண்டு விழா, "கடவுள் உண்டா?" என்பது சொற்போரின் தலைப்பு. உண்டு என்று பேச வந்தவர் ஒரு முதிய தமிழ்ப் புலவர். நெற்றி நிறைய நீறு, கழுத்தில் கண்டிகை, வாயில் பற்கள் பாதிதான். இல்லை என்று பேச வந்தவன் நான்! கண்ணால் காணாத எதையும் ஏற்க மாட்டேன் என்று மேசையைத் தட்டி முழங்கினேன். புலவர் எழுந்தார். "தம்பி, உன் பாட்டனுக்குப் பாட்டனைக் கண்டிருக்கிறாயா? காணாமலே அவன் இருந்தான் என்று எப்படிக் கொண்டாய்?" என்று கேட்டுவிட்டு அமர்ந்தார்.

எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லும் துணிவும் இல்லை. "புலவரே, பல்லே நிலைக்காத வாயில் சொல் எப்படி நிலைக்கும்?" என்றேன். மன்றம் அதிர்ந்தது. தோழர்கள் என்னைத் தோளில் தூக்காத குறை. புலவர் சிரித்துக்கொண்டே மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். வெற்றி, வெற்றி என்றனர். எதை வென்றேன்? கேள்வி அப்படியே மேடையில் கிடந்தது. கூட்டம் கலைந்த பிறகும் கிடந்தது.

அந்தக் கேள்வியை மீண்டும் நான் சந்தித்தது மணிமேகலையில். புத்த சமயத்தை நிலைநாட்ட எழுந்த காப்பியம் என்று நம்மில் பலர் அதை ஒதுக்கி வைத்திருக்கிறோம். பிறவிச் சுழலும் வினைப்பயனும் வானத்தில் பறக்கும் மந்திரமும் நிறைந்த நூல்தான், மறுக்கவில்லை. ஆனால் மாற்றுச் சமயத்தானோடு வாதிடுவது எப்படி, எப்படி வாதிடக் கூடாது என்பதை அவ்வளவு கூர்மையாகக் காட்டும் நூல் தமிழில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நூல் முழுவதற்கும் இங்கே திறனாய்வு எழுதப் புகவில்லை. நான்கு காட்சிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதற்காட்சி புகார் நகரத் தெருவில், மூன்றாவது காதையில். ஆடையின்றி, உறி தாங்கி, சிற்றுயிர் எதுவும் காலில் மிதிபட்டுவிடக் கூடாதே என்று வருந்தி நடந்து வருகிறார் ஒரு சமண நோன்பி. எதிரே வருகிறான் கள்ளுண்ட களிமகன் ஒருவன். அடிகளை வணங்குகிறான், வணங்கியபடியே வம்பு தொடங்குகிறான். குளிக்காத அந்த உடம்பின் அழுக்கைச் சுட்டுகிறான். அதற்குள் அடைபட்ட உயிர் என்ன பாடுபடும் என்று இரங்குவதுபோல் நகைக்கிறான். தென்னங்கள்ளில் கொலையேதும் உண்டோ, இதைப் பருகிப் பாரும் என்று மன்றாடுகிறான். ஊர் கூடி வேடிக்கை பார்க்கிறது.

சாத்தனார் பௌத்தர். சமணம் அவருக்கு மாற்றுச் சமயம். சமணத் துறவியின் உடம்பையும் உடையின்மையையும் ஏளனம் செய்ய அவருக்கு ஆசை இல்லாமலா இருக்கும்? இருந்திருக்கிறது. அந்தக் களிமகனின் பேச்சில் உள்ள சுவையைப் பார்த்தால், புலவரும் அவனோடு ஒரு மிடறு அருந்தியிருக்கிறார் என்றே எண்ணத் தோன்றுகிறது. ஆனாலும் அந்த ஏளனத்தை வைப்பதற்கு அவர் தேர்ந்தெடுத்த வாய் எது? குடிகாரனின் வாய்! இதே நிகண்ட சமயத்தானை 27ஆம் காதையில் மணிமேகலை சந்திக்கிறாள். அங்கே உடம்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. நீ போற்றும் தலைவன் யார், உன் நூலின் பொருள் என்ன, கட்டு எது, வீடு எது, உள்ளபடி சொல் என்று கேட்கிறாள். அவன் சொல்கிறான், அவள் கேட்கிறாள். தெருவுக்கும் வாதமன்றத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சாத்தனார் அறிந்திருந்தார். படிப்பக மேடையில் நான் புகாரின் தெருவில் நின்றிருக்கிறேன் என்பது இதைப் படித்தபோதுதான் உறைத்தது.

இரண்டாம் காட்சி, நம் இளைஞர்கள் நெட்டுருப் போட வேண்டிய காட்சி: 13ஆம் காதை, ஆபுத்திரன் கதை. வேள்விக்கென்று கட்டி வைத்த பசுவை அவன் இரவில் அவிழ்த்துக்கொண்டு போகிறான். அந்தணர்கள் பிடித்து அடிக்கிறார்கள். இந்தப் பசுவோடு உங்களுக்கு என்ன பகை என்று அவன் கேட்கிறான். இது கொள்கை பற்றிய கேள்வி. வேள்வியில் உயிர்க்கொலை முறையா என்பதே வழக்கு. அவர்கள் தந்த விடை என்ன? நீ ஆவின் மகன், மறையின் பெருமை உனக்கென்ன தெரியும் என்பது! கேட்ட பொருளை விட்டார்கள். கேட்டவன் பிறப்பைப் பிடித்தார்கள்.

ஆபுத்திரன் திருப்பி வையவில்லை. உங்கள் முனிவர்களையே பாருங்கள் என்று எண்ணிக் காட்டுகிறான்: பசுவுக்கு மகன் ஒருவன், மானுக்கு மகன் ஒருவன், புலிக்கும் நரிக்கும் மக்களாய்ப் பிறந்தவர் இன்னும் இருவர்; இவர்களை எல்லாம் உங்கள் மரபின் முனிவர் என்று போற்றுகிறீர்களே, ஆவின் மகன் மட்டும் எப்படி இழிந்தான்? உடனே ஒருவன் எழுந்து, இவன் ஒழுக்கம் தவறிய சாலி என்பவள் பெற்று எறிந்த பிள்ளை, தீண்டத் தகாதவன் என்று பழைய கதையை அவிழ்க்கிறான். அதற்கும் ஆபுத்திரன் நகைத்தபடி விடை வைத்திருக்கிறான்: வசிட்டனும் அகத்தியனும் வானுலகக் கணிகை வயிற்றுப் பிள்ளைகள் அல்லரோ, சாலி செய்த பிழை மட்டும் என்ன பிழை?

இது வசையா? மேலோட்டமாகப் பார்த்தால் வசைக்கு வசை போலத் தோன்றும். அன்று. எதிரே நிற்கும் எந்த அந்தணனின் தாயையும் அவன் இழுக்கவில்லை. அவர்கள் உயர்வென்று ஏற்றுக்கொண்ட நூலை எடுத்து, பிறப்பினால் உயர்வு தாழ்வு என்னும் கொள்கையை அதே நூலைக் கொண்டு உடைக்கிறான். ஆள்மேல் எறியப்பட்ட கல்லைக் கையில் ஏந்தி, அதையே கோட்பாட்டின்மேல் எறிகிறான். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? விடை சொல்லவில்லை. ஊரைவிட்டுத் துரத்தினார்கள். போன இடத்திலும் அவனுடைய பிச்சைக் கலத்தில் சோற்றுக்குப் பதில் கல்லைப் போட்டார்கள்.

"பிறவியிலேயே இழிந்தவன் என்று என்னைச் சொல்லும் சாத்திரத்தோடு எனக்கென்ன மரியாதை?" என்று தோழர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. சாத்திரத்துக்கு மரியாதை தரச் சொல்லி யாரும் வரவில்லை. அதைக் கிழிக்கலாம், பழிக்கலாம், நகைக்கலாம். ஆபுத்திரன் அதைத்தான் செய்தான். ஆனால், சொல்வது என்ன என்று பாராமல் சொல்பவன் யார் என்று பார்ப்பது சாதி கற்றுத் தந்த பழக்கம். எவன் வாயிலிருந்து வந்தது, எந்தக் குடியிலிருந்து வந்தது என்பதை வைத்தே சொல்லுக்கு விலை போட்டார்கள். அந்தத் தராசைப் பிடுங்கி எறிய வந்த நாம், அதையே கையில் எடுத்து எதிரியின் பல்லையும் குரலையும் குலத்தையும் நிறுத்துப் பார்த்தால், யாருடைய கடையை யார் நடத்துகிறோம்?

அந்தப் பழக்கத்தின் கொடுமையைச் சாத்தனார் இன்னொரு இடத்திலும் தொட்டிருக்கிறார். அது மூன்றாம் காட்சி. 21ஆம் காதையில் கந்திற்பாவை மணிமேகலைக்கு வருவது உரைக்கிறது. நீ சமயக் கணக்கர்களிடம் அவரவர் கொள்கையைக் கேட்பாய்; ஆனால் நீ இளையவள், வளையணிந்த பெண்; உன்னிடம் ஒருவரும் பொருளை உரைக்க மாட்டார்கள்; ஆகையால் வேற்றுருக் கொள் என்கிறது. அதன்படியே வஞ்சி மாநகரில் அவள் ஒரு மாதவன் வடிவத்தில் புகுகிறாள். கணிகை குலத்தில் பிறந்த இளம்பெண் கேட்டால் விடை இல்லை. தாடியும் சடையும் கேட்டால் விடை உண்டு! கேள்வி ஒன்றே. மந்திரத்தால் உருமாறுவது நமக்குக் கட்டுக்கதை. அந்தக் கட்டுக்கதையைத் தேவையாக்கிய சமுதாயம் கட்டுக்கதையன்று. சாத்தனார் அந்தச் சமுதாயத்தைக் கண்டிக்காமல், மந்திரத்தைத் தந்து தப்பித்துக்கொண்டார் என்பது என் குறை.

இனி 27ஆம் காதை. அளவைவாதி தொடங்கிப் பூதவாதி வரை பத்துப் பேர் வரிசையாக வந்து தத்தம் கொள்கையைச் சொல்கிறார்கள். எல்லாரிடமும் சாத்தனார் ஒரே நேர்மையோடு நடந்துகொண்டாரா? இல்லை. அளவைவாதிக்கு நீண்ட பகுதி. ஆசீவகனுக்கு அணுக்கொள்கையை விரிக்க இடம். பாவம், வைணவவாதிக்கு இரண்டே அடி! புராணம் ஓதினான், நாரணன் காப்பு என்றான், முடிந்தது. ஒருவன் கொள்கையை அவமதிக்க வசைதான் வேண்டும் என்பதில்லை. இரண்டு அடியில் முடித்துவிட்டாலும் போதும். இதைச் சாத்தனாரின் குறையாகவே எழுதி வைக்கிறேன்.

ஆனால் கடைசியாக வரும் பூதவாதியிடம் அவர் நடந்துகொண்ட முறை வியப்பைத் தருகிறது. பூதவாதி யார்? உயிர் தனிப்பொருள் அன்று, மறுபிறப்பு இல்லை, வினைப்பயன் பொய், காட்சியே அளவை என்பவன். தோழர்களே, அவன் நம்முடைய முன்னோன்! மறுபிறப்பை உயிர்நாடியாகக் கொண்ட காப்பியத்தில் அவனைப் போல் ஆகாதவன் வேறு யார்? அவனைக் கள்வன் என்றோ காமுகன் என்றோ காட்டியிருக்கலாம். பிற்காலத்தார் பலர் அப்படித்தான் செய்தார்கள். சாத்தனாரோ அவன் வாயில் சிறந்த வாதத்தை வைக்கிறார். தாதகிப் பூவையும் வெல்லக் கட்டியையும் மற்றவற்றையும் சேர்த்து ஊற வைத்தால், தனித்தனியே அவற்றில் இல்லாத மயக்கம் பிறக்கிறதல்லவா? அதுபோலப் பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது. பிரியும்போது பறையின் ஓசை தேய்வதுபோலத் தேய்ந்து போகிறது. எவ்வளவு அழகான உவமைகள்! இதைவிடத் தெளிவாக இன்றைய பகுத்தறிவாளன் சொல்லிவிட முடியுமா?

மணிமேகலை இதைக் கேட்டு, இவை நல்லன அல்ல என்றாலும் மாறுபட்டுப் பேச வரவில்லை என்கிறாள். ஆனால் தன் முற்பிறப்பை அறிந்தவள் ஆதலால் சிரித்துவிடுகிறாள். பழம்பிறப்பை உணர்ந்தவர் உண்டே என்கிறாள். பூதவாதி அஞ்சவில்லை. தெய்வம் ஏறியவரும் கனவு கண்டவரும் மனம் மயங்கிச் சொல்வது ஐயத்துக்குரியதே ஒழிய வேறில்லை என்று மடக்குகிறான். மறுபிறப்பை நம்பும் புலவர், தம் தலைவியின் சிரிப்புக்கு அப்படி ஒரு விடையை எழுதியிருக்கிறார் என்றால், அதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

அதன்பிறகு அவள் கேட்கும் கேள்விதான் என்னைத் திடுக்கிட வைத்தது. உன் தாயையும் தந்தையையும் கருத்தளவையால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய்? என் படிப்பக மேடைக் கேள்வி! பல்லில்லாப் புலவர் கேட்ட அதே கேள்வி!

உண்மையைச் சொன்னால் என்ன? அந்த இடத்தில் அவள் சொல்வதுதான் சரி. கண்ணால் கண்டது ஒன்றே அறிவு என்றால், தன் பிறப்பைக்கூட ஒருவன் அறிய முடியாது. இன்றைய அறிவியல் காட்சியோடு நிற்பதில்லை. கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்ந்து, அதை மீண்டும் சோதித்துப் பார்க்கிறது. பூதவாதியின் கொள்கையில் ஓர் ஓட்டை இருந்தது. அதைக் காட்டியவள் எதிரி. எதிரியின் குலத்தை இழுத்துப் பேசியிருந்தால் அந்த ஓட்டையை நாம் இன்னும் கண்டிருக்க மாட்டோம்.

இதில் நமக்கு இன்னொரு கடனும் இருக்கிறது. உலகாயதரின் மூல நூல் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதைப் பெரிதும் அவர்களை மறுத்தவர்களின் நூல்களிலிருந்துதான் பொறுக்கி எடுக்கிறோம். மணிமேகலையில் பூதவாதி, சமண நூலான நீலகேசியில் பூதவாதச் சருக்கம், 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் முதலில் வந்து நிற்பவன் உலோகாயதன். பரபக்கம் என்றால் பிறர் பக்கம். தன் பக்கமாகிய சுபக்கத்தைச் சொல்லுமுன் பிறர் பக்கத்தை எடுத்துரைக்க வேண்டும் என்பது அவர்களுடைய நூல்முறை. எடுத்துரைத்ததில் திரிபும் உண்டு, எள்ளலும் உண்டு. ஆயினும் அந்த முறை இல்லாதிருந்தால், நம் முன்னோன் வாய்ச்சொல் மண்ணோடு போயிருக்கும். பௌத்தக் காப்பியமான குண்டலகேசியின் கதியும் அதுவே. நூல் போயிற்று, அதை மறுக்க எழுந்த நீலகேசியும் அதன் உரையும் இருப்பதால், இறந்துபட்ட நூலைப் பற்றி நமக்குச் சில செய்திகளாவது தெரிகின்றன. நீலகேசியை அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் பதிப்பித்தார். அதன் வேதவாதச் சருக்கம் வேதம் ஒருவராலும் ஆக்கப்படாதது என்னும் கூற்றையும் பிறப்பால் உயர்வு என்னும் கூற்றையும் தாக்கும் வேகத்தை நம் தோழர்கள் படித்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு செழுமையான மரபு உள்ள நாட்டில், 19ஆம் நூற்றாண்டில் என்ன நடந்தது? அருட்பா, மருட்பாப் போர். 1867இல் இராமலிங்க அடிகளின் பாடல்களைத் தொழுவூர் வேலாயுத முதலியார் திருவருட்பா என்னும் பெயரால் அச்சேற்றினார். ஆறுமுக நாவலர் எதிர்த்தார். எதிர்ப்பின் அடியில் உண்மையான ஒரு சமயக் கேள்வி இருந்தது: அருளால் வந்த பாடல் எது என்று முடிவு செய்பவர் யார்? முன்னோர் வகுத்த திருமுறையோடு அது முடிந்துவிட்டதா, இன்று வாழும் ஒருவர் வாயிலிருந்தும் வரலாமா? நமக்கு இரண்டு பக்கமும் உடன்பாடில்லை. ஆனாலும் கேள்வி சிறியதன்று. ஒரு சமயத்தின் கதவு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்னும் கேள்வி அது.

அந்தக் கேள்விக்கு என்ன ஆயிற்று? சிதம்பரத்தில் தம்மை இழித்துப் பேசினார்கள் என்று நாவலர் வழக்குத் தொடுத்தார். 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. யார் யாரை வைதார் என்பதை நீதிமன்றம் ஆராயலாம். எது அருட்பா என்பதை எந்த நீதிபதி ஆராய்வார்? நாவலரும் அடிகளும் மறைந்த பிறகும் சண்டை ஓயவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நா. கதிரைவேற்பிள்ளை ஒருபுறம், மறைமலையடிகள் மறுபுறம். இசுலாமியரான செய்குத்தம்பிப் பாவலர் அருட்பாவின் பக்கம் நின்று வாதாடினார். மறுபடியும் வழக்கு மன்றம். தம் ஆசிரியர் கதிரைவேற்பிள்ளைக்காகச் சாட்சி சொல்லப் போய்ப் பள்ளித் தேர்வை எழுதாமல் விட்ட மாணவர் ஒருவர் உண்டு. அவர்தான் திரு.வி.க. அவருடைய பள்ளிப் படிப்பு அதோடு முடிந்தது. இரு தரப்பார் வெளியிட்ட கண்டனங்களை ஆய்வாளர் ப. சரவணன் திரட்டிப் பதிப்பித்திருக்கிறார். பக்கம் பக்கமாகப் படித்தாலும், யார் எவரை என்ன சொன்னார் என்பது நினைவில் நிற்கும் அளவுக்கு, அந்த முதற்கேள்விக்கு யார் என்ன விடை சொன்னார் என்பது நிற்பதில்லை.

இதில் எனக்கு வருத்தம் தருவது நாவலரின் மாற்றம். சாதிப் பற்றில் அவர் நமக்கு எட்டாத தொலைவில் நிற்பவர். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாருக்குத் துணையாக நின்று விவிலியத்தைத் தமிழாக்கப் பாடுபட்டவர் அவர். மாற்றுச் சமயத்தின் மறையை வரிக்கு வரி படித்தவர். அந்தப் படிப்பின் பயனாக 1854இல் சைவதூஷண பரிகாரம் எழுதினார். கோயில், விளக்கு, நறும்புகை, பலி என்று பாதிரிமார் எவற்றைப் பழித்தார்களோ, அவற்றை எல்லாம் அவர்களுடைய பழைய ஏற்பாட்டிலேயே எடுத்துக் காட்டினார். ஆபுத்திரன் முறை! வாதம் சரியா தவறா என்பது வேறு. எதிரியின் நூலைப் படித்தவன் எழுதியது என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும். பாதிரியோடு வாதிட்டபோது நூலைப் பார்த்த அதே கண், பதினைந்து ஆண்டு கழித்துத் தன் சமயத்தானோடு மோதியபோது ஆளைப் பார்த்தது. வேற்று வீட்டானிடம் காட்டும் மதிப்பை நம் வீட்டானிடம் காட்ட முடியாமல் போகிறது போலும். கழகங்களுக்குள் நடக்கும் சண்டைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுமா?

மாற்றுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1943 பிப்ரவரி 9ஆம் நாள் சென்னைச் சட்டக் கல்லூரி மண்டபத்தில் அண்ணாவும் ரா.பி. சேதுப்பிள்ளையும், மார்ச் 14ஆம் நாள் சேலத்தில் அண்ணாவும் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் எதிரெதிர் நின்றனர். கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்தலாமா என்பது பொருள்! இதைவிடச் சூடான தலைப்பு உண்டா? பாரதியாரோ, சில ஆண்டுகளுக்கு முன் இந்தி எதிர்ப்பில் அதே அணியில் நின்றவர். தீ பரவட்டும் என்று நூலாக வந்த அந்தச் சொற்போரை இன்றும் படிக்கலாம். நூலைக் கொளுத்தச் சொன்னவர், நூலைப் போற்றிய புலவர்களின் புலமையைக் குறைத்துப் பேசவில்லை. காரம் குறைந்ததா?

மணிமேகலையைப் படித்து முடித்த சில நாட்களில் நான் அந்த முதியவர் வீட்டுத் திண்ணைக்குப் போனேன். மன்னிப்பு என்று வாயெடுத்தேன். அவருக்குப் பல்லைப் பற்றிய பேச்சு நினைவில் இல்லை, அல்லது இல்லாததுபோல் காட்டிக்கொண்டார். கேள்வி நினைவில் இருந்தது. "விடை கொண்டு வந்தாயா?" என்றார். கருத்தளவையை ஏற்கிறேன் ஐயா, காட்சி ஒன்றே அளவை என்று நான் முழங்கியது தவறு என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "அப்படி வா வழிக்கு! புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணர்கிறாய். பானையைக் கண்டு குயவனை உய்த்துணர்கிறாய். உலகத்தைக் கண்டு அதை ஆக்கியவனை நான் உய்த்துணர்ந்தால் மட்டும் ஏன் தடுக்கிறாய்?" என்றார். சித்தாந்திகளின் பழைய வாதம். மெய்கண்டார் தம் சிவஞான போதத்தை அங்கேதான் தொடங்குகிறார்.

இந்த முறை நான் பல்லைப் பார்க்கவில்லை. "குயவன் பானை வனைவதைப் பலமுறை கண்டிருக்கிறோம், அதனால் காணாத பானைக்கும் குயவனைக் கொள்கிறோம். தாய் பிள்ளை பெறுவதைக் கண்டிருக்கிறோம். அதனால் காணாத பாட்டனையும் கொள்கிறோம். உலகம் ஒன்று ஆக்கப்படுவதை எவரும் எங்கும் ஒருமுறைகூடக் கண்டதில்லையே. எதைக் கண்ட பழக்கத்தில் எதை உய்த்துணர்வது?" என்றேன்.

புலவர் நீண்ட நேரம் பேசவில்லை. வெற்றிலையைக் கிள்ளினார், சுண்ணாம்பு தடவினார், பல் இல்லாத வாயில் இடித்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "உன் வாதம் மீமாஞ்சகனுடையதுபோல இருக்கிறது. அவனுக்குச் சிவஞான முனிவர் மாபாடியத்தில் விடை சொல்லியிருப்பார். தேடி வைக்கிறேன், அடுத்த வெள்ளி வா" என்றார்.